கம்பி என்று பெயர் வைத்தவர்கள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



குவான்யாமா மொழியில் மனிதனுக்கு ‘ஓமுன்ஹு’ என்று பெயர். பன்மையில் ‘ஓவன்ஹு’, மனிதர்கள். சுற்றியுள்ள மொழிகளில் இதே சொல் கொஞ்சம் கொஞ்சம் ஒலி மாறி வரும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிளீக் என்கிற ஜெர்மன் மொழியியலாளர் இந்த மொழிகளையெல்லாம் ஒரே குடும்பமாகப் பார்த்து, அதற்கு ‘பாண்டு’ என்று பெயர் வைத்தார். பாண்டு என்றாலும் மனிதர்கள்தான். நூறு வருஷம் போனது. 1953இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு ஒரு சட்டம் போடுகிறது. பெயர், பாண்டுக் கல்விச் சட்டம். யாரை மனிதர் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்கிறார்களோ அவர்களுக்கு ‘மனிதர்கள்’ என்ற சொல்லையே முத்திரையாகக் குத்துகிறார்கள். கடைசியில் அது வசைச் சொல்லாகவே ஆகிப்போனது. ஒரு கூட்டத்தின் நிலத்தைப் பிடுங்கலாம், மாட்டைப் பிடுங்கலாம், அதெல்லாம் நமக்குத் தெரியும். சொல்லையும் பிடுங்கலாம் என்பதை இந்த மொழியின் கதையில் பார்க்கலாம். பிடுங்கப்பட்டவர்கள் பதிலுக்குத் தாங்களே சொல் உண்டாக்கியதையும் பார்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

எங்கே இருக்கிறார்கள் இந்த மக்கள்? நமீபியாவின் வடக்கிலும் அங்கோலாவின் தெற்கிலும். நமீபியப் பக்கம் ஓஹங்வெனா மாகாணம், அங்கோலாப் பக்கம் குனேனே மாகாணம். ஓஹங்வெனாவில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் சுமார் 2,45,000 பேர். மண் மணல்தான். மழைக்காலத்தில் வடக்கிலிருந்து வெள்ளம் வந்து, ஆழமில்லாத அகலமான ஓடைகளில் பரவும். அதற்கு ‘ஓஷானா’ என்று பெயர். விளைவது கம்பு. ஆமாம், நம்ம கம்பேதான். கம்பு மாவைக் கெட்டியாகக் கிண்டிக் களி செய்து கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். குவான்யாமாவில் ‘ஓஷிஃபிமா’. பக்கத்தில் ண்டோங்கா பேசுகிறவர்கள் அதையே ‘ஓஷிதிமா’ என்பார்கள். இவருக்கு ‘ஃபி’, அவருக்கு ‘தி’. இரண்டு பேரும் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் ஒருவருக்கொருவர் புரியாமல் போகாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த மொழியில் சொல்லின் தலையில் ஒட்டு வரும். ஒரு ஆள் ஓமுகுவான்யாமா. பலர் ஓவாகுவான்யாமா. அவர்கள் நாடு ஓவுகுவான்யாமா. அவர்கள் மொழி ஓஷிகுவான்யாமா. வேர் ஒன்று, தலை மட்டும் மாறுகிறது. வேரில் இருக்கிற ‘ஓன்யாமா’வுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? இறைச்சி. ஒரு பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்து, காட்டில் வேட்டை இறைச்சி கிடைத்த இடத்திலேயே தங்கிவிட்டவர்கள், அதனால் இறைச்சிக்காரர்கள் என்று வாய்மொழி வரலாறு சொல்கிறது. ஒரு அரசுக்கே அந்தப் பெயர். அங்கே யாரும் அதைச் சொல்லக் கூசவில்லை.

காலையில் பார்த்தால் ‘வா லேலே போ?’ என்று கேட்பார்கள். தூங்கி எழுந்தாயா என்று அர்த்தம். பகலில் ‘வா உஹலா போ?’, பொழுது நல்லபடியாகக் கழிந்ததா. வணக்கத்தையே கேள்வியாகக் கேட்கிற மொழி.

இனி இந்த மொழி ஏட்டுக்கு வந்த கதை. 1870இல் பின்லாந்து மிஷனரிகள் ஓவாம்போ நாட்டுக்கு வந்தார்கள். அவர்கள் தங்கியது ண்டோங்கா அரசில். அதனால் ண்டோங்கா பேச்சை எழுதினார்கள். ஜெர்மனியின் ரைன் மிஷன்காரர்கள் 1891இல் குவான்யாமா அரசுக்கு வந்தார்கள். அவர்கள் குவான்யாமா பேச்சை எழுதினார்கள். 1910இல் டோன்யஸ் என்கிற மிஷனரி ஒரு இலக்கணமும் ஒரு அகராதியும் போட்டார். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். இரண்டு சபை, இரண்டு எழுத்து முறை, இரண்டு பாடப் புத்தகம், கடைசியில் இரண்டு மொழி! பானையைச் சுற்றி உட்கார்ந்தவர்களை ஏடு பிரித்து வைத்துவிட்டது. இன்றைக்கும் நமீபியப் பள்ளிகளில் ஓஷிண்டோங்கா ஒரு பாடம், ஓஷிகுவான்யாமா தனிப் பாடம். தெருவில் இரண்டையும் சேர்த்து ‘ஓஷிவாம்போ’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள் ஜனங்கள்.

அடுத்தது கோடு. 1886இல் போர்ச்சுக்கல்லும் ஜெர்மனியும் வரைபடத்தை விரித்து எல்லை போட்டன. குவான்யாமா அரசின் நடுவில் அந்தக் கோடு போனது. அங்கே யாரையும் கேட்கவில்லை. கோடு ரொம்ப நாள் காகிதத்தில்தான் இருந்தது. தலைநகரமான ஒன்ஜிவாவில் அரசர் இருந்தார், ஜனங்கள் அந்தண்டையும் இந்தண்டையும் மாடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1911இல் மண்டுமே யா ண்டெமுஃபாயோ என்ற இளைஞர் அரசரானார். 1915 ஆகஸ்டில் ஜெனரல் பெரேய்ரா டி எஸா தலைமையில் போர்ச்சுக்கீசியப் படை பீரங்கிகளோடு வந்தது. ஒமோங்குவாவில் சண்டை. மண்டுமே தோற்று, ஒன்ஜிவாவை விட்டுத் தெற்கே ஒய்ஹோலேவுக்குப் போனார். அதற்குள் ஜெர்மன்காரனைத் துரத்திவிட்டுத் தென்னாப்பிரிக்கா வந்து உட்கார்ந்திருந்தது. 1917 பிப்ரவரி 6 அன்று தென்னாப்பிரிக்கப் படை தாக்கியதில் மண்டுமே இறந்தார். எந்திரத் துப்பாக்கிக் குண்டில் விழுந்தார் என்கிறது படையின் அறிக்கை. பிடிபடக் கூடாதென்று தன்னையே சுட்டுக்கொண்டார் என்கிறார்கள் அவர் மக்கள். அவர் தலையை வெட்டி எடுத்துப்போய் விண்ட்ஹூக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் எழுப்பிய நினைவுத் தூணின் கீழ் புதைத்தார்கள் என்றும் நம்புகிறார்கள். தூண் இன்றும் நிற்கிறது. அது சண்டையில் செத்த தென்னாப்பிரிக்கச் சிப்பாய்களுக்காக எழுப்பியது. ஒன்ஜிவாவுக்கு என்ன ஆயிற்று? ஊரை அழித்தவனின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பெரேய்ரா டி எஸா. 1975இல் அங்கோலா விடுதலையான பிறகுதான் பழைய பெயர் திரும்பியது.

மண்டுமேயைத் தூக்கிவைத்துக் கொண்டாட நான் வரவில்லை. குவான்யாமா அரசர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் கொள்ளையடித்தவர்கள்தான். மாட்டையும் பிடித்த ஆளையும் வியாபாரியிடம் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியவர்கள்தான். அரண்மனைப் பிரபுக்கள் ஏழை வீட்டுத் தொழுவத்தைக் காலி செய்தவர்கள்தான். மண்டுமே அந்தப் பிரபுக்களை அடக்கப் பார்த்தார், அது உண்மை. அரசர் கதைதான் வரலாறு என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். மண்டுமே செத்தபிறகு 81 வருஷம் அரச பதவியே இல்லை. 1998இல் மீண்டும் ஏற்படுத்தினார்கள். 2005இலிருந்து ஒரு பெண், மார்த்தா நெலும்பு, அரசியாக இருக்கிறார்.

அரசர் இல்லாத அந்த வருஷங்களில் சாதாரண ஜனங்கள் வரலாற்றை எங்கே எழுதினார்கள்? பெயர்களில் எழுதினார்கள். 1915இல் படையெடுப்போடு சேர்ந்து பெரிய பஞ்சம் வந்தது. சாலையோரமெல்லாம் பிணம். அந்தப் பஞ்சத்துக்கு ‘ஓன்ஜாலா யாவெகோம்பா’ என்று பெயர் வைத்தார்கள். பெருக்கித் தள்ளிய பஞ்சம். வீட்டைப் பெருக்குகிற மாதிரி ஊரைப் பெருக்கிவிட்டது என்று. 1929-30இல் இன்னொரு பஞ்சம். அப்போது அரசாங்கம் சும்மா சோறு போடவில்லை. குளம் வெட்டினால்தான் தானியம் என்றது. அந்தப் பஞ்சத்துக்கு வைத்த பெயர் ‘ஓன்ஜாலா யோமதாலே’, அணைகளின் பஞ்சம். அரசாங்க ஆவணத்தில் அது நிவாரணப் பணி. ஜனங்கள் ஏட்டில் நிவாரணம் என்ற சொல்லே இல்லை! பட்டினியும் மண்வெட்டியும்தான் இருக்கிறது.

அந்த நாட்டுக்கு 1920இலிருந்து 1946 வரை ஹான் என்பவர் அதிகாரி. இவருடைய தாத்தா மிஷனரி. ஹெரேரோ மொழிக்கு இலக்கணம் எழுதி அச்சிட்டவர். பேரன் ஓவாம்போ மக்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார், புகைப்படம் எடுத்தார், அவர்கள் பழக்கவழக்கம் கெடாமல் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஷோங்கோலா’. சாட்டை. அந்த ஆட்சியைப் பற்றி ஆராய்ச்சிப் புத்தகங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே சொல்லில் எழுதினவர்கள் இவர்கள்தான்.

இப்போது தலைப்பில் வைத்த சொல்லுக்கு வருகிறேன். தெற்கே சுரங்கம், மீன் தொழிற்சாலை, வெள்ளையர் பண்ணை எல்லாவற்றுக்கும் கூலி ஆள் வேண்டும். எல்லையின் இரண்டு பக்கத்து ஓவாம்போ ஆண்களையும் ஒப்பந்தத்தில் பிடித்தார்கள். 1943இலிருந்து ‘ஸ்வான்லா’ என்ற ஒரே நிறுவனம் ஆள் பிடித்தது. ஆளை நிர்வாணமாக நிறுத்தி உடம்பைச் சோதிப்பார்கள். ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பது மாதிரி. கழுத்தில் எண் போட்ட வில்லை ஒன்று தொங்கும். எந்த முதலாளி, என்ன வேலை என்று தொழிலாளி தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும் மனைவி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. பாதியில் ஓடினால் சிறை. சுவருக்குள்ளே கொட்டடி, அங்கே கான்கிரீட் படுக்கை.

இந்த ஒப்பந்தத்துக்குத் தொழிலாளர்கள் ‘ஓடலாதே’ என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘டிராட்’ என்றால் கம்பி. எசமானன் மொழியிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து, அதன் தலையில் தங்கள் ஒட்டைப் போட்டு, தங்கள் நாக்குக்கு உருட்டி, அவன் முகத்திலேயே திருப்பி எறிந்த மாதிரி. அவன் காகிதத்தில் ஒப்பந்தம் என்று எழுதியிருக்கிறான். இவன் கம்பி என்கிறான். கட்டுகிற கம்பி. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று ஏளனம் செய்யப்பட்ட ஆள், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சரியாகப் படித்துவிட்டான்.

1971 ஜூனில் சர்வதேச நீதிமன்றம், தென்னாப்பிரிக்கா நமீபியாவில் இருப்பது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. கறுப்பு லுத்தரன் சபைத் தலைவர்கள் கூட்டாக வெளிப்படையான கடிதம் எழுதினார்கள். ஒப்பந்த முறை அடிமை முறை என்று பேச்சு எழுந்தது. அரசின் உயர் ஆணையர் டி வெட் பதில் சொன்னார். அடிமை முறை இல்லை, அவர்கள் இஷ்டப்பட்டுத்தான் வருகிறார்கள் என்று. தொழிலாளர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். இஷ்டப்பட்டுத்தானே வந்தோம், இப்போது இஷ்டமில்லை, போகிறோம்! கொட்டடிக்குக் கொட்டடி கடிதம் போனது. தாய்மொழியில், கையால் எழுதிய கடிதங்கள். 1971 டிசம்பர் 13, விண்ட்ஹூக்கின் கட்டுதுரா கொட்டடியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில வாரங்களில் 13,000 பேருக்கு மேல் வேலையை விட்டார்கள். சுரங்கம் நின்றது. அரசு அவர்களை ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்பியது. ஊருக்குப் போய்ச் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தது. போனவர்கள் எல்லைக் கம்பி வேலியைப் பல மைலுக்குப் பிடுங்கிப் போட்டார்கள். 1972 ஜனவரியில் ஊரில் கூடிக் கோரிக்கை எழுதினார்கள். ஒப்பந்தம் ஒழிய வேண்டும், வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும், குடும்பத்தோடு இருக்க வேண்டும். அந்த மாதக் கடைசியில் எபிங்காவில் போலீஸ் சுட்டுச் சிலர் செத்தார்கள். பிப்ரவரியில் நெருக்கடிநிலை ஆணை. ஸ்வான்லாவைக் கலைத்தார்கள். காகிதத்தில் ‘எசமான், வேலையாள்’ என்று இருந்ததை மாற்றி ‘வேலை கொடுப்பவர், வேலை செய்பவர்’ என்று எழுதினார்கள். சொல்லை மாற்றினால் போதும் என்று நினைக்கிற புத்தி எல்லா அரசுக்கும் உண்டுபோல.

சரி, கல்விக்கு வருவோம். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நிறவெறி அரசு குவான்யாமா மொழியை அழிக்கவில்லை. வளர்த்தது! 1964இல் ஓடண்டால் ஆணையம், நாட்டை இனவாரியாகப் பத்துத் ‘தாயகங்களாக’ வெட்டச் சொன்னது. ஓவாம்போலாந்து அதில் ஒன்று. ஒவ்வொரு தாயகத்துக்கும் அதன் மொழி, அதற்கு எழுத்து விதி, பாடப் புத்தகம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? நோக்கம் என்ன? ஓவாம்போ ஹெரேரோவோடு பேசக் கூடாது, ஹெரேரோ நாமாவோடு பேசக் கூடாது. எல்லாரும் தத்தம் தாய்மொழிக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். மேலே அதிகாரம் முழுக்க ஆப்பிரிக்கான்ஸில் நடக்கும். பாண்டுக் கல்வியின் சிற்பி ஃபெர்வூர்ட் ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர்தான். சில வகை உழைப்புக்கு மேல் வெள்ளைச் சமூகத்தில் இவர்களுக்கு இடமில்லை, பிறகு எதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டவர். தாய்மொழிக் கல்வி, கூலியை உள்ளே வைத்துப் பூட்டுகிற அறையாக ஆயிற்று.

அதே சமயம் அந்த மொழியில் வேண்டாததை அச்சடித்தால் என்ன ஆகும்? ஓனிபாவில் லுத்தரன் சபை அச்சகம் இருந்தது. ‘ஓமுக்வேது’ என்ற பத்திரிகை அங்கிருந்து ஓஷிவாம்போவில் வந்தது. 1973இல் அச்சகத்துக்குக் குண்டு வைத்தார்கள். திரும்பக் கட்டினார்கள். 1980இல் மறுபடி வைத்தார்கள். மறுபடி கட்டினார்கள். சிறுபத்திரிகை நடத்துகிற தோழர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். நமக்கெல்லாம் காகித விலைதான் குண்டு.

இந்தச் சூழலில்தான் விடுதலை இயக்கமான ஸ்வாப்போ ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தது. 1981இல் லுசாகாவில் இருந்த ஐ.நா.வின் நமீபியா நிறுவனம், ஆங்கிலமே ஆட்சிமொழி என்று ஒரு புத்தகமே போட்டது. ஆப்பிரிக்கான்ஸ் ஒடுக்கியவன் மொழி. தாய்மொழிகள் தாயகச் சிறையின் மொழிகள். ஆங்கிலம் யாருடையதும் இல்லை, உலகத்தோடு பேசலாம். இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. பூட்டப்பட்டவன் சாவி எந்த ஊரில் செய்தது என்று பார்க்க மாட்டான். 1990 மார்ச் 21 விடுதலை, அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியது. அப்போது வீட்டில் ஆங்கிலம் பேசியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஓஷிவாம்போ பேசியவர்கள் ஏறக்குறையப் பாதி நாடு.

விலை என்ன? முதல் மூன்று வகுப்பு தாய்மொழி, பிறகு ஆங்கிலம் என்று வைத்தார்கள். 2011இல் ஆசிரியர்களுக்கே ஆங்கிலத் தேர்வு வைத்தபோது நூற்றுக்கு 98 பேருக்குப் பயிற்சி தேவை என்று வந்தது. ஆசிரியரைத் திட்டிப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஆசிரியர் எந்தப் பள்ளியில் படித்தவர்? பாண்டுக் கல்விப் பள்ளியில். பூட்டின அறையிலிருந்து வந்தவரைப் பார்த்து உனக்கு ஏன் வெளியே வழி தெரியவில்லை என்று கேட்கிற மாதிரி.

என் கருத்தைக் கேட்டால், ஆங்கிலத்தை எடுத்ததில் அவர்கள் செய்தது சரி. அதற்காகத் தாய்மொழியை மூன்றாம் வகுப்போடு இறக்கிவிட்டது சரியில்லை. 1971இல் கொட்டடிக் கடிதங்கள் எந்த மொழியில் போயின? சிறைச் சுவரும் அந்த மொழியில்தான் எழுப்பினான், அதை உடைத்த கடப்பாரையும் அந்த மொழிதான்.

கோட்டுக்கு அந்தண்டை நிலைமை வேறு. போர்ச்சுக்கல் 1921இலேயே அங்கோலாவின் பள்ளிகளில் ஆப்பிரிக்க மொழிகளைத் தடை செய்தது. மதபோதனைக்கு மட்டும் விதிவிலக்கு. போர்ச்சுக்கீசியம் எழுதப் படிக்கத் தெரிந்து, அவர்கள் மாதிரி உடுத்தி உண்டு காட்டினால்தான் ‘தன்மயமானவர்’ என்று சான்றிதழ். விடுதலைக்குப் பிறகு 1987இல் ஆறு மொழிகளுக்குச் சோதனை முறையில் எழுத்து வகுத்தார்கள், குவான்யாமாவும் அதில் உண்டு. ஆனால் அதே ‘ஷி’ ஒலியை நமீபியாவில் இரண்டு எழுத்துச் சேர்த்து ஆங்கில முறையில் எழுதுகிறார்கள். அங்கோலாவில் எக்ஸ் போட்டு எழுதுகிறார்கள். அக்காள் இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். இரண்டு பேரும் எழுதுகிற தங்கள் மொழியின் பெயரே ஒரே மாதிரி இல்லை. மண்டுமே பெயரில் அங்கே லுபாங்கோவில் ஒரு பல்கலைக்கழகம் 2009இலிருந்து நடக்கிறது. பாடம் போர்ச்சுக்கீசியத்தில். இங்கே விண்ட்ஹூக்கில் நமீபியப் பல்கலைக்கழகம் இருக்கிற சாலைக்கு மண்டுமே பெயர். பாடம் ஆங்கிலத்தில்.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன், நேரம் ஆகிவிட்டது. இதே ஓஹங்வெனாவில் குவான்யாமா மக்களுக்குக் கீழே வைக்கப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். சான் மக்கள். வெள்ளைக்காரன் புஷ்மென் என்றான், குவான்யாமாக்காரர்கள் ஓவாக்வங்ஹாலா என்கிறார்கள். முன்பு அரசர்களுக்கு வேட்டையாடித் தந்தம் கொண்டுவந்து கொடுத்தவர்கள். இன்று பலர் அக்கம்பக்கத்துக் கம்பு வயல்களில் களை எடுத்து, கூலியாகச் சாப்பாடு வாங்குகிறவர்கள். அவர்கள் மொழி குங். நாக்கைச் சொடுக்கிப் பேசுகிற மொழி, குவான்யாமாவோடு எந்த உறவும் இல்லாதது. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போனால் ‘தாய்மொழி’ வகுப்பு என்று அதற்குக் கிடைப்பது குவான்யாமா. பிறகு நாலாம் வகுப்பில் ஆங்கிலம். வயலில் அதட்டுகிற மொழியிலேயே அதற்குத் தாய்மொழிப் பாடம் நடக்கிறது. அந்தக் குழந்தைகள் நிறையப் பேர் சில வருஷத்தில் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள். மண்டுமேயைப் பற்றி, மொழி உரிமையைப் பற்றி எழுதுகிற நல்ல எழுத்தாளர்கள் பலர் இந்தக் குழந்தையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குங் மொழியில் குவான்யாமாக்காரருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாராவது போய்க் கேட்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.